சிலிண்டருக்கு மாற்று எது? சாணம், சூரியன், மின்சாரம்: ஒரு சமையலறைக் கணக்கு

புதைபடிவ எரிபொருளுக்கு மாற்று என்று பேச ஆரம்பித்தால் பேச்சு உடனே காற்றாலை, அணு உலை, ஹைட்ரஜன் என்று போய்விடும். அவற்றையெல்லாம் முடிவு செய்பவர்கள் வேறு எங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள். நம் கையில் இருப்பது சமையல் மேடைக்குக் கீழே நிற்கும் சிவப்பு சிலிண்டர். இந்தியாவில் எரியும் சமையல் எரிவாயுவில் சுமார் 60 சதவீதம் இறக்குமதி, அதில் பெரும்பங்கு வளைகுடாவிலிருந்து கப்பலில் வருவது. அங்கே ஒரு சண்டை என்றால் இங்கே அடுப்படியில் கவலை. இதை எதால் மாற்றலாம், யாருக்கு எது ஒத்துவரும், எது வெறும் பேச்சு என்பதைத் தமிழ்நாட்டு வீடுகளை வைத்தே பார்ப்போம்.

ஒப்பிட வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒரே அளவைக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறத்தாழ 12.7 யூனிட் (ஒரு யூனிட் என்பது மின் பில்லில் வரும் அதே கிலோவாட்-மணி) வெப்பம் கிடைக்கும். ஆக ஒரு சிலிண்டர் 180 யூனிட். இதில் எவ்வளவு பாத்திரத்துக்குள் போகிறது என்பதுதான் கேள்வி. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள கேஸ் அடுப்புக்குக் குறைந்தது 68 சதவீதத் திறன் வேண்டும் என்பது விதி. அது அகலமான பாத்திரத்தை வைத்து ஆய்வுக்கூடத்தில் அளப்பது. வீட்டிலோ ஃபேன் சுற்றும், சின்னப் பால் சட்டியைத் தாண்டிச் சுடர் வெளியே நக்கும், பர்னரில் பாதி ஓட்டை பொங்கின பாலில் அடைத்திருக்கும். 55 முதல் 65 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 100 முதல் 117 யூனிட்தான் உணவைச் சேர்கிறது. இண்டக்‌ஷன் அடுப்பின் திறன் 85 சதவீதத்தை ஒட்டியது. அதே வேலைக்கு அது 120 முதல் 140 யூனிட் கரண்ட் இழுக்கும். நடுவில் 130 என்று வைத்துக்கொள்வோம்.

நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு சிலிண்டர் 40 நாள் வந்தால் வருஷத்துக்கு 9 சிலிண்டர், மின்சாரத்தில் 1,180 யூனிட் சொச்சம், ஒரு நாளைக்கு மூன்றேகால் யூனிட். இந்தக் கடைசி எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேனலின் அளவும் பேட்டரியின் அளவும் இதிலிருந்துதான் வரும்.

இண்டக்‌ஷன் மட்டும் வாங்கினால்

மிகச் சுலபமான மாற்று இது. இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்கு அடுப்பு, அன்றைக்கே சமையல். ஆனால் புதைபடிவ எரிபொருளை விட்டுவிட்டோம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்பது தேசிய மின்தொகுப்பின் சராசரி. 130 யூனிட்டுக்கு 91 கிலோ. ஒரு சிலிண்டரை நேரடியாக எரித்தால் வருவது 42, 43 கிலோ. வீட்டுப் புகை எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் இடம் மாறி, இரண்டு மடங்காகவும் ஆகிறது. மின்தொகுப்பில் காற்றும் சூரியனும் கூடக் கூட இந்தக் கணக்கு மாறும். இன்றைய நிலை இதுதான்.

அப்படியானால் இண்டக்‌ஷன் வேண்டாமா? வேண்டும், ஆனால் அது பாதி வேலைதான். மீதிப் பாதி மொட்டை மாடியில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் பில்லைப் பார்த்துவிடுவோம், பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். 2024 ஜூலையில் வந்த கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை சலுகை விலை, பிறகு படிப்படியாக ஏற்றம். மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 101–200 சலுகையும் கை நழுவும். இரண்டு மாதத்தில் நம் குடும்பம் ஒன்றரை சிலிண்டர் எரிக்கிறது, அதாவது கூடுதலாக 195 யூனிட். அந்தக் கட்டணத்தில் இதைப் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே 300 யூனிட் ஓடும் வீடு 495க்குப் போகும். கூடுதல் யூனிட் ஒவ்வொன்றுக்கும் சராசரி ஐந்தரை ரூபாய், ஒரு சிலிண்டருக்கு ஈடான மின்சாரம் 700 ரூபாய்க்குச் சற்று மேல். 2025 ஏப்ரலில் சென்னையில் சிலிண்டர் 868.50 ரூபாய் ஆனது. ஆக இந்த வீட்டுக்கு லாபம். ஏசி ஓடி ஏற்கெனவே 420 யூனிட் வரும் வீடோ 615க்குப் போகும். அங்கே கூடுதல் யூனிட்டின் சராசரி 9 ரூபாயை நெருங்குகிறது, சிலிண்டருக்கு ஈடு 1,150 ரூபாய் அளவில் வரும். ஒரே அடுப்பு, ஒரே தெரு, ஒரு வீட்டுக்கு லாபம், பக்கத்து வீட்டுக்கு நஷ்டம். கட்டணமும் சிலிண்டர் விலையும் மாறிக்கொண்டே இருக்கும், ஆகையால் உங்கள் கடைசி பில்லை எடுத்து 500க்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிறகு வயரிங். 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்குப் போட்ட 6 ஆம்பியர் ப்ளக்கில், நடுவில் ஒரு அடாப்டரைச் சொருகி ஓட்டினால் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. ஒரு மாதத்தில் ப்ளக் பாயிண்ட் பழுப்பேறும், பிறகு உருகும். 16 ஆம்பியர் சாக்கெட், மீட்டர் போர்டிலிருந்து தனியாக இழுத்த 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், அதற்கென்று ஒரு எம்சிபி (லோடு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்), வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச்). இவ்வளவும் இருந்த பிறகே அடுப்பு. இரண்டு அடுப்பை ஒரே நேரத்தில் ஓட்டும் எண்ணமிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி லைன். 4 கிலோவாட் சேர்ந்து ஓடினால் 17 ஆம்பியர். உங்கள் இணைப்பின் சாங்ஷன் லோடு (வாரியம் அனுமதித்த அதிகபட்ச மின்பளு) அதைத் தாங்குமா என்பதை மின்வாரிய அட்டையில் பார்க்க வேண்டும்.

பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். ஈயச்சொம்பு, பித்தளை, மண்சட்டி, பழைய அலுமினிய இட்லிக் குண்டான் எதுவும் ஆகாது. இண்டக்‌ஷன் பேஸ் உள்ள குக்கர் இரண்டு, எவர்சில்வர் பாத்திரம் மூன்று, ஒரு கடாய் என்று வாங்கினால் அடுப்பின் விலையை விடக் கூடுதலாகவே ஆகும். எல்லாப் பாத்திரத்துக்கும் ஆகும் என்று விற்கும் இன்ஃப்ராரெட் அடுப்பு கண்ணாடியைச் சுட வைத்து அதன் வழியாகப் பாத்திரத்தைச் சுட வைப்பது. திறன் குறைவு, கரண்ட் அதிகம்.

தோசைதான் பெரிய புகார். மலிவு அடுப்பின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் ஒரு சாண் அகலம்கூட இருக்காது. தோசைக்கல்லோ ஒரு அடி. நடுவில் கருகி ஓரத்தில் வெள்ளையாக நிற்கும். முழு வாட்டில் திடீரென்று ஏற்றினால் வார்ப்பிரும்புக் கல் நடுவில் மட்டும் விரிந்து விரிசல் விடவும் கூடும். 600, 800 வாட்டில் ஆறேழு நிமிடம் சூடேற்றிவிட்டு, பிறகு 1,200க்குப் போனால் ஓரளவு சமாளிக்கலாம். கல்யாண வீட்டுத் தோசை வராது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். இன்னொன்று, விலை குறைந்த அடுப்புகள் குறைந்த வாட்டில் தொடர்ந்து எரியாமல் விட்டு விட்டு எரியும். பால் காய்ச்சும்போது பொங்கி, அடங்கி, மறுபடி பொங்கும்.

அடுப்பு செத்துப்போவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. சமைத்து முடித்ததும் உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ளக்கைப் பிடுங்குவது. அடியில் காற்றுப் போகும் துளையைத் துணி, நாளிதழ் போட்டு அடைப்பது. மின்னழுத்தம் திடீரென்று ஏறுவது. வோல்டேஜ் மிகவும் குறையும் கிராமங்களில் அடுப்பு பழுதாகாது, ஆனால் மாலை ஏழு மணிக்கு எரர் காட்டி நின்றுவிடும். சமையல் நேரமும் அதேதான் என்பது சங்கடம்.

இன்வெர்ட்டரில் ஓட்டலாமே என்று கேட்பவர்களுக்கு: வழக்கமான 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து 2,000 வாட் எடுத்தால் பேட்டரி வயரில் 190 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். 900 விஏ இன்வெர்ட்டர் அந்தக் கணமே ட்ரிப் ஆகும். அது விளக்குக்கும் ஃபேனுக்கும் செய்த சாமான்.

மாடியில் இரண்டு பேனல்

ஒரு கிலோவாட் பேனல் தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஏறத்தாழ 1,400 யூனிட் தரும், நாளுக்கு 4 யூனிட் சராசரி. நம் வீட்டுச் சமையலுக்கு வேண்டியது 1,180. இன்று கிடைக்கும் 540 வாட் பேனல் இரண்டு போட்டால் ஒரு வருஷச் சமையல் முடிந்தது. ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், மூன்றேமுக்கால் அடி அகலம், 28 கிலோ அளவு எடை. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். இந்த 78,000ஐக் காட்டித்தான் எல்லாரையும் 3 கிலோவாட்டுக்குத் தள்ளுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். மேலே சொன்ன 615 யூனிட் வீட்டுக்கு முதல் கிலோவாட் இரண்டு மாதத்தில் 235 யூனிட்டைக் கழித்து 380க்கு இறக்குகிறது. 3,000 ரூபாய் பில் 1,100 அளவுக்கு வரும், ஏனென்றால் கழிவது மேல்படியில் இருக்கும் விலை உயர்ந்த யூனிட்டுகள், திரும்பி வருவது இழந்த சலுகை. இரண்டாவது கிலோவாட் 145க்கு இறக்கி பில்லை நூறு ரூபாய் அளவுக்குக் கொண்டுவரும், அதுவும் நல்ல லாபம்தான். மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்துவது அந்த நூறு ரூபாயை மட்டுமே. மின்சார ஸ்கூட்டரோ காரோ வாங்கப் போகிறவர் மூன்றாவதைப் போடட்டும், மற்றவருக்கு இரண்டே போதும். மின்வாரியத்தின் கம்பி வழியைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணம் இந்தக் கணக்கில் சேரவில்லை. உங்கள் இணைப்புக்கு அது எவ்வளவு வரும் என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் தடுக்கும் இடம் பெரும்பாலும் பெயர். மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், வங்கிக் கணக்கு பேரன் பெயரில். முதலில் பெயர் மாற்றம், பிறகு விண்ணப்பம். மானியம் வேண்டுமானால் பேனல் டிசிஆர் வகையாக, அதாவது உள்ளே இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். விலைப் பட்டியலில் அந்த வார்த்தை எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. பணம் முழுவதையும் முன்னால் கொடுக்க வேண்டாம், இருதிசை மீட்டர் (நெட் மீட்டர்; நீங்கள் வாங்கும் யூனிட்டிலிருந்து வாரியத்துக்கு அனுப்பும் யூனிட்டைக் கழிக்க உதவுவது) மாட்டி ஓட ஆரம்பித்த பிறகு தர ஒரு பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் பார்ப்பதில் ஒரு நுணுக்கம். சென்னையில் டிசம்பர் நடுப்பகலில்கூட சூரியன் 53 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது, தெற்கே சாய்ந்தே போகும். பேனலை விட 2 மீட்டர் உயர்ந்த தண்ணீர்த் தொட்டி அப்போது வடக்குப் பக்கம் ஒன்றரை மீட்டர் நிழல் போடும். காலை ஒன்பது மணிக்கு அது இன்னும் நீளம். எனவே தொட்டிக்குத் தெற்கே பேனல், தெற்கு பார்த்து, 10 முதல் 13 டிகிரி சாய்வில். பேனல்கள் வரிசையாகக் கோத்தவை, ஒன்றின் மூலையில் விழும் தென்னங்கீற்றின் நிழல் அந்த வரிசையின் உற்பத்தியையே இழுத்துவிடும். ஜூனில் வந்து பார்த்துவிட்டு நிழலே இல்லை என்று சொல்பவரிடம் டிசம்பரைப் பற்றிக் கேளுங்கள்.

பேனல் வெயிலில் நன்றாக வேலை செய்யும், சூட்டில் செய்யாது. செல்லின் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் அளவு உற்பத்தி குறையும். மே மாதம் மதியம் செல் 60, 65 டிகிரியில் இருக்கும், அங்கேயே 12 முதல் 14 சதவீதம் போச்சு. தளத்தோடு ஒட்டிப் படுக்கவைக்காமல் அடியில் காற்றோட்டம் விட்டு உயர்த்துவது இதனால்தான். உயர்த்தினால் புயல் காற்று தூக்கப் பார்க்கும், கடலோர மாவட்டங்களில் இரும்புக் கால்களுக்கு ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கி ஏற்றும் பூச்சு) 80 மைக்ரானுக்குக் குறையக் கூடாது, வெல்டிங்கை விட போல்ட் நல்லது, ஏனென்றால் வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோய் அங்கிருந்துதான் துரு ஆரம்பிக்கும். தட்டோடு பதித்த மாடியில் டிரில் போட்டு ஆங்கர் அடித்தால் அடுத்த மழைக்குக் கீழே ஒழுகும். கான்கிரீட் கட்டை வார்த்து அதில் கால் ஊன்றச் சொல்லுங்கள்.

மற்ற கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரில் ஆண் முனை ஒரு கம்பெனி, பெண் முனை வேறு கம்பெனி என்று மாட்டினால் தொடர்பு தளர்ந்து சூடாகி உருகும். எர்த்திங் பேனல் பக்கத்து டிசி மின்சாரத்துக்கு ஒன்று, வீட்டுப் பக்கத்து ஏசி மின்சாரத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று எனத் தனித்தனிக் குழி வேண்டும். உப்புத் தண்ணீரில் கழுவினால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் ஏறும், நடுவெயிலில் கழுவினால் கண்ணாடிக்கே ஆபத்து, விடிகாலைதான் நேரம்.

கரண்ட் போனால் இந்தச் சாதாரண சோலாரும் நின்றுவிடும் என்பது பலருக்குப் போட்ட பிறகுதான் தெரிய வருகிறது. கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு உங்கள் வீட்டிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானே துண்டித்துக்கொள்ளும். அது கோளாறு இல்லை, பாதுகாப்பு. வெட்டு அதிகமுள்ள ஊரில் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் (பேட்டரியிலும் ஓடும் சோலார் இன்வெர்ட்டர்) லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் வேண்டும். மாலைச் சமையலுக்கு இரண்டு யூனிட் போதும், ஆனால் 2 கிலோவாட்டைத் தாங்கும் இன்வெர்ட்டர் தேவை என்பதால் 5 யூனிட் பேட்டரிக்குப் போக வேண்டியிருக்கும், செலவு கிட்டத்தட்ட இன்னொரு சோலார். வெட்டு குறைவான ஊரில் அந்தப் பணத்துக்கு ஒரு சிலிண்டரை ஓரமாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நேரக் கணக்கில் ஒரு நேர்மை வேண்டும். பேனல் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை கொட்டுகிறது, நாம் சமைப்பது காலை ஆறரைக்கும் இரவு ஏழரைக்கும். நெட் மீட்டரில் வருஷக் கணக்கு சரியாகிவிடும், அந்த இரவு எரிவதில் பாதிக்கு மேல் நிலக்கரிதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் சுழலும்போது மாலை மின்சாரமும் கொஞ்சம் சுத்தமாகிறது. முடிந்தவரை பருப்பு, கிழங்கு, சுண்டல் வேகவைப்பதை பதினொரு மணிக்கு வைத்துக்கொண்டால் உண்மையிலேயே வெயிலில் சமைத்ததாகும்.

மாடு இருந்தால் பேச்சே வேறு

தொழுவத்தில் இரண்டு மூன்று மாடு உள்ளவர் மேலே சொன்னதில் பாதியை மறந்துவிடலாம். ஒரு கிலோ சாணம் காற்றுப் புகாத கலனில் நொதித்தால் சுமார் 40 லிட்டர் கேஸ் தரும். ஒரு கன மீட்டர் சாண எரிவாயு 0.45 கிலோ எல்பிஜிக்குச் சமம். நம் குடும்பம் நாளுக்கு எரிப்பது 355 கிராம் எல்பிஜி, ஆகவே நாளுக்கு ஒரு கன மீட்டர் கேஸ் தரும் கலனும் தினம் 25 கிலோ சாணமும் போதும். நாலைந்து மாடும் 50 கிலோ சாணமும் இருந்தால் நாளுக்கு 2 கன மீட்டர் கேஸ், மாதத்துக்கு இரண்டு சிலிண்டருக்குச் சற்றுக் குறைவு. இரவு பகல் பேதமில்லை, மழையில் நிற்காது, பேட்டரி வேண்டாம், எரிந்து போக மிச்சம் வரும் கழிவு வயலுக்கு உரம். மாற்று எரிபொருள்களிலேயே சேமித்து வைத்து நினைத்த நேரம் எரிக்கக்கூடியது என்பதால் இதற்கே என் ஓட்டு.

மிதக்கும் டிரம் வைத்த காதி கிராமத் தொழில் ஆணைய மாதிரி, தரைக்குள் செங்கல் குவிமாடமாகக் கட்டும் தீனபந்து மாதிரி, இரண்டும்தான் பிரதானம். டிரம்மில் அழுத்தம் எப்போதும் ஒரே சீர், கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும், ஆனால் இரும்பு டிரம் துருப்பிடிக்கும், வருஷா வருஷம் பெயின்ட் அடிக்க வேண்டும். தீனபந்துவில் துருப்பிடிக்க எதுவும் இல்லை, விலையும் குறைவு. கட்டுகிற கொத்தனார் கை தேர்ந்தவராக இருக்க வேண்டும், குவிமாடத்தில் மயிரிழை விரிசல் விட்டாலும் கேஸ் நிற்காது.

ஓட்டுவது இப்படி. சாணம் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, கட்டி இல்லாமல் கரைத்து, வைக்கோலும் மண்ணும் நீக்கி ஊற்ற வேண்டும். வைக்கோல் மேலே மிதந்து ஆடையாகக் கட்டிக்கொள்ளும், மண் அடியில் தங்கிக் கொள்ளளவைத் தின்னும். 50 கிலோ சாணம் என்றால் தினம் 100 லிட்டர் கரைசல், அது 40 நாள் உள்ளே தங்க 4 கன மீட்டர் கலன். முதல் கேஸ் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அது எரியாது, கரியமில வாயுவும் குழாயிலிருந்த காற்றுமாக இருக்கும். இரண்டு முறை திறந்து வெளியே விட்டுவிட்டுப் பிறகே பற்றவைக்க வேண்டும்.

சுடர் துடித்துத் துடித்து எரிந்தால் குழாயில் தண்ணீர். கேஸ் ஈரத்தோடு வருவது, குளிர்ந்ததும் தண்ணீராகும். கலனிலிருந்து அடுப்புக்குப் போகும் குழாய்க்கு நூறு அடிக்கு ஒரு அடியாவது வாட்டம் கொடுத்து, தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகுழாய் வைத்து வாரம் ஒரு முறை திறந்துவிட வேண்டும். அடுப்பு சாண எரிவாயுவுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். எல்பிஜி அடுப்பின் ஜெட் துளை சின்னது, அதன் அழுத்தம் 300 மில்லிமீட்டர் தண்ணீர் அளவு, டிரம் கலன் தருவது 100. துளையை டிரில்லில் பெரிதாக்கி ஓட்டுபவர்கள் உண்டு, சுடர் ஒரு நாள் தூக்கி அடிக்கும், ஒரு நாள் அணையும். அழுகிய முட்டை வாடை கூடினால் ஹைட்ரஜன் சல்பைடு, இரும்புத் தூள் அடைத்த சின்ன வடிகட்டி போதும்.

கேஸ் திடீரென்று நின்றால் முதலில் தொழுவத்தைப் பாருங்கள். ஃபினாயில், சோப்புத் தண்ணீர், ஆண்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் சாணம், இதில் ஒன்று உள்ளே போயிருக்கும், நுண்ணுயிர் செத்திருக்கும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் 20 டிகிரிக்குக் கீழே உற்பத்தி தளரும், அங்கே இது சிலாக்கியமில்லை. மீத்தேன் கரியமில வாயுவை விட நூறாண்டுக் கணக்கில் 28 மடங்கு வெப்பம் பிடிப்பது என்பதால் கசிவும் சும்மா விட முடியாத விஷயம். ஒரு கன மீட்டரை வெளியே விட்டால் அது பத்து நாள் எல்பிஜி எரித்ததற்குச் சமம். ஊருக்குப் போகும்போது கேஸை வெறுமனே திறந்துவிடாதீர்கள், தண்ணீர் சுடவைத்தாவது எரித்துத் தீருங்கள்.

சமையலறைக் கழிவில் ஓடும் பிளாஸ்டிக் கலன்களை நகரத்தில் விற்கிறார்கள். நாலு பேர் வீட்டில் தினம் ஒரு கிலோ கழிவு கிடைத்தால் பெரிது, அதிலிருந்து 100 லிட்டர் கேஸ். தேவையில் எட்டில் ஒரு பங்குதான், காபிக்கும் டீக்கும் ஆகும். குப்பைக்கு வழி என்று வாங்கலாம், சிலிண்டருக்கு மாற்றென்று வாங்கினால் வருத்தம்தான். விருந்து நாளில் மிஞ்சின சோற்றையெல்லாம் கொட்டினால் உள்ளே புளித்து கேஸ் நின்றுவிடும். அமில அளவைக் காட்டும் பிஎச் 6.8க்குக் கீழே போனதன் அடையாளம் அது. நாலைந்து நாள் எதுவும் போடாமல், கொஞ்சம் சுண்ணாம்பும் ஒரு வாளி சாணக் கரைசலும் விட்டால் மீளும். மெஸ், விடுதி, கல்யாண மண்டபம் என்றால் இதே கலன் நன்றாக வேலை செய்யும், கழிவு அங்கே மலையாகக் கிடைக்கிறது.

மற்றவை

பெட்டி சூரிய அடுப்பு: கறுப்புப் பாத்திரம் நாலு, இரட்டைக் கண்ணாடி, ஒரு முகக்கண்ணாடி. ஒன்பதரைக்கு வைத்தால் பன்னிரண்டரைக்குள் சாதமும் பருப்பும் வெந்துவிடும். தாளிப்பு, தோசை, அவசரம் மூன்றுக்கும் இடமில்லை. பகலில் வீட்டில் ஆள் இருந்து, ஐப்பசி கார்த்திகை நீங்கலாக ஒழுங்காக வைத்தால் வருஷத்துக்கு மூன்று நான்கு சிலிண்டர் மிஞ்சும். ஆரோவில் சமையற்கூடத்தின் கூரையில் 15 மீட்டர் விட்டத்தில் ஒரு சூரியக் கிண்ணம் இருக்கிறது, அதில் வரும் நீராவியில் பெருங்கூட்டத்துக்குச் சமைப்பதற்காக அமைத்தது. அந்த அளவில் அது அழகு, வீட்டு அளவில் பெட்டிதான்.

விறகு: சொந்தத் தோப்பும் சீமைக்கருவேலமும் கைவசம் இருந்தால் விசிறி வைத்த மேம்பட்ட அடுப்பு மோசமில்லை. அதன் திறன் 35 சதவீதம், ஒரு சிலிண்டர் வேலைக்கு நன்கு காய்ந்த விறகு 75 கிலோ. மூன்று கல் அடுப்பில் அதே வேலைக்கு 200 கிலோவுக்கு மேல், புகை தனி. விறகை விலைக்கு வாங்க வேண்டும் என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

மாடிக் காற்றாடி: வேண்டாம். காற்றின் சக்தி வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. ஒன்றரை மீட்டர் விட்டச் சுழலி, ஊருக்குள் மாடி உயரத்தில் கிடைக்கும் நொடிக்கு 3 மீட்டர் காற்றில் 7 வாட் தரும். ஒரு எல்இடி பல்பு.

குழாய் எரிவாயு சில நகரங்களில் தெருத் தெருவாக வருகிறது. சிலிண்டர் தூக்கும் வேலை மிச்சம், கொஞ்சம் சுத்தம். ஆனாலும் அது பூமியிலிருந்து தோண்டியெடுத்ததுதான், இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை.

வாடகை வீடு, அடுக்ககம் என்றால் மாடி உரிமை இல்லை, பேனலும் இல்லை. 500 யூனிட்டுக்கு உள்ளேயே நிற்க முடிந்தால் சாதம், பால், குழம்பு ஆகியவற்றை இண்டக்‌ஷனுக்கு மாற்றிச் செலவைக் குறைக்கலாம், நிலக்கரியைக் குறைத்ததாகக் கணக்கு எழுத முடியாது. சங்கம் ஒத்துக்கொண்டால் பொது மின் இணைப்புக்குச் சோலார் போடுவது அதைவிடப் பயன்.

சொந்த மாடி உள்ளவர் வேலையை இந்த வரிசையில் செய்வது நல்லது. முதலில் தனி லைன் இழுத்து ஒரு இண்டக்‌ஷன் வாங்கி இரண்டு ரீடிங் வரை ஓட்டுங்கள். அடுப்புக்கு முன்னும் பின்னும் உள்ள யூனிட் வித்தியாசமே உங்கள் சமையலின் உண்மையான அளவு, என் 130 சராசரிதான். அந்த இரண்டு பில்லில் அதிகமாக உள்ள மொத்த யூனிட்டை 235ஆல் (ஒரு கிலோவாட் இரண்டு மாதத்தில் தருவது) வகுத்தால் எத்தனை கிலோவாட் வேண்டும் என்பது வரும், முழு எண்ணுக்குக் கீழே இறக்கியே எடுங்கள், முதல் படியில் இலவசமாக வரும் யூனிட்டுகளுக்குப் பேனல் வேண்டாம். கேஸ் இணைப்பில் இரண்டாவது சிலிண்டரை ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்கலாம், ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது எரியும் அடுப்பின் ரப்பர் குழாய்தான் கவனிப்பாரின்றிக் காய்ந்து வெடிக்கும். ஐந்து வருஷம் ஆனதும் அதை மாற்றுங்கள், உபயோகிக்காத நாளில் ரெகுலேட்டரை மூடியே வையுங்கள்.